சரிடா, இறங்கு

மார்ச் 4

தம்பிக்கு,

உன் அக்கா மகனின் வலது காலை நீ எடுத்துவிட்டாய். முதலில் எழுத வேண்டியது இதுதான் என்பதால் முதலில் எழுதினேன். நலமா என்று கேட்பது வழக்கம். உட்கார்ந்த இடத்தில் விரலை அசைத்துப் பிழைக்கிறவனுக்கு என்ன குறை வரப்போகிறது? நலமாகத்தான் இருப்பாய்.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள். காலை முறையில் சோப்புக் கலவைத் தொட்டியில் கட்டி பிடித்தது. கலக்குகிற அலகுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே கல்லாக இறுகிவிட்டது. ஆள் இறங்கிச் சுரண்டினால்தான் வரும். அந்த வாய்க்குள் நுழைகிற உடம்பு எங்கள் தளத்தில் ஒன்றுதான் இருந்தது. அதற்காகத்தானே அவனுக்குக் குருவி என்று பேர் வந்தது.

பழைய நாளில் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் என் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை இறங்குகிறவன் பையில் போட்டு அனுப்புவேன். வேறு ஊரில் உன் வீட்டில் உட்கார்ந்து கணினி வழியாகத் தொட்டியை ஓட்டத் தொடங்கியதும் நீதான் அதை நிறுத்தினாய். மெயினை இறக்கினால் தளத்துக் கணினியும் அணைந்துவிடும், நீ உன் வீட்டிலிருந்து மறுபடி கணினிச் சாவியைச் செருகி, ரகசியச் சொல் அடித்து, ஃபோனுக்கு வரும் எண்ணை அடித்து உள்ளே வருவதற்குள் ஒரு கலவை கெட்டுப்போகும் என்றாய். "சொல்லிட்டு இறங்கச் சொல்லுங்கண்ணா, நான் இங்கேயே நிறுத்தி வச்சுக்கறேன்" என்றாய்.

குருவி சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். தூணில் நீ மாட்டச் சொன்ன பேசும் பெட்டியின் முன்னால் நின்று, "சின்ன மாமா, உள்ள இறங்கறேன்" என்றான். "சரிடா, இறங்கு" என்று உன் குரல் வந்தது. வெட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது.

அவன் நாலு தட்டு தட்டியிருப்பான். அலகு சுழன்றது. தொட்டிப் பக்கத்துப் பொத்தானை அடித்தேன். நீ கணினிக்குள் இருக்கும்போது அது செத்த பொத்தான். மெயின் கோடிச் சுவரில் இருக்கிறது. நான் ஓடி அதை இறக்குவதற்குள் அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். தொட்டி விளிம்பில் நுரை வழிந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத நிறத்தில் வழிந்தது. கடப்பாரையைக் கொடுத்து அலகைப் பின்னால் நெம்பித்தான் அவனை எடுத்தோம். அந்த நெம்பலில் எலும்பு ஒடிந்தது. அது கடப்பாரை வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

அவனை வண்டியில் ஏற்றிவிட்டு அதே கடப்பாரையோடு திரும்பிப் போனேன். தளத்தில் நீ வைத்த கணினியை உடைத்தேன். அதற்குக் கீழே விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த பெட்டியையும், மினுக்குவது நிற்கும்வரை உடைத்தேன்.

ஃபோன் பண்ணாதே. நீ கூப்பிட்டபோது என் ஃபோனை ஆஸ்பத்திரிச் சுவரில் அடித்தேன். அது இனி பேசாது. எழுது. அழுத்தியது யார் என்று உன் கைப்பட எழுதி, கீழே கையெழுத்துப் போடு.

அண்ணன்

மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பியின் வணக்கம்.

இங்கே நானும் அவளும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அக்காவுக்கு எழுத நாலு முறை உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. குருவியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் நினைப்பது போல அது யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு வரும் தெருக்கதவு இல்லை. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. தூங்கும்போது தலையணைக்குக் கீழே. ரகசியச் சொல் என் மண்டைக்குள் இருக்கிறது. எண் என் ஃபோனுக்கு மட்டும் வரும். இங்கிருந்து தொழிற்சாலை வரைக்கும் பூமிக்குள் குழாய் போட்டது மாதிரி ஒரு பாதை. நடுவில் யாரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. மூன்று முறை தப்பாக அடித்தால் தானாக மூடிக்கொள்ளும். என்னைத் தவிர ஓர் ஈகூட உள்ளே நுழையாது. மேலாளருக்கும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் நான் எதையும் அழுத்தவில்லை. வேறு வேலையாக இருந்தேன். மின்சாரத்தில் ஏதாவது கோளாறாக இருக்கலாம்.

எது எப்போது அழுத்தப்பட்டது என்பது அந்தப் பெட்டியில் பதிந்திருக்கும். நீங்கள் உடைத்தது அதைத்தான். இனி யாராலும் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாம் அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

முழங்கால் நன்றாக இருக்கிறது. எனக்கு இரண்டு இருக்கின்றன.

குருவியின் இடது பாதமும் அழுகிவிட்டது. நேற்றுக் கணுக்காலுக்கு மேலே வைத்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் போர்வையைத் தூக்கிப் பார்த்தான். "பெரிய மாமா, செருப்புச் செலவு மிச்சம்" என்றான். உன் அக்கா எழுந்து வெளியே போய் மண்டையைச் சுவரில் மோதிக்கொண்டாள். நானும் உன் அத்தானுமாகப் பிடித்து நிறுத்தினோம். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது.

உன் கடிதத்தில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. உன்னைத் தவிர யாரும் உள்ளே வர முடியாது என்பது ஒன்று. நீ அழுத்தவில்லை என்பது இன்னொன்று. நான் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்தவன், சோப்பு உறையில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அப்படிப்பட்ட எனக்கே இந்த இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்காது என்று தெரிகிறது. ஒன்றை வெளியே அனுப்பு.

மின்சாரம் என்கிறாய். உன் குரலுக்குப் பிறகு சுழலும் மின்சாரத்தை நான் பார்த்ததில்லை. அந்த 'சரிடா, இறங்கு' பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. நான் அதைத்தான் முதலில் தேடினேன்.

பெட்டியை உடைத்தது நான்தான். மேலாளர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அதில்தான் சாட்சி இருந்தது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆக இனி மிச்சம் இருப்பது உன் வாய் ஒன்றுதான். அதை யாரும் கடப்பாரையால் உடைப்பதற்கு முன்னால் நீயே திறந்துவிடு.

அண்ணன்

ஏப்ரல் 19

தம்பிக்கு,

பதில் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

விசாரணையின் முதல் அமர்வு முடிந்தது. மேலாளர் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். என் காதில் விழுந்ததைச் சொன்னேன். "நீங்க பையனுக்கு மாமா, பெட்டியை வேற உடைச்சிருக்கீங்க. உங்க பேச்சை எப்படி எடுத்துக்கறது?" என்றார் விசாரிக்க வந்தவர். "பேசினவனும் மாமாதான், அவன் பேச்சை மட்டும் எப்படி எடுத்துக்கறீங்க?" என்றேன். அவர் தண்ணீர் குடித்தார்.

பிறகு முடிவு என்று ஒன்றைப் படித்தார்கள். 'தொழிலாளி முன்னறிவிப்பு இல்லாமல் தானாகத் தொட்டிக்குள் இறங்கினார்.' படித்து முடிக்கவில்லை, உன் அத்தான் உட்கார்ந்திருந்த நாற்காலி மேலாளர் தலைக்குப் பறந்தது. லாரி ஓட்டுகிற கை, உனக்குத் தெரியுமே. மேலாளர் குனிந்தார், பின்னால் இருந்த கண்ணாடி போயிற்று. தளத்துப் பையன்கள் மூன்று பேர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து மேலாளரை மேசையோடு சேர்த்து மிதித்தார்கள். காவலாளி தடியால் என் காதோரம் போட்டான். நான் தலையால் அவன் மூக்கில் முட்டினேன். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. பாவம், அவனிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. காதில் இன்னும் ரீங்காரம் கேட்கிறது. வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

இது இறுதி முடிவு இல்லை. குருவி அதில் கையெழுத்துப் போட்டால்தான் முடிவு. போட்டுவிட்டால் தப்பு அவனுடையது. வைத்தியம் நிற்கும், செயற்கைக் கால் கிடைக்காது, உட்கார்ந்து செய்யும் வேலையும் கிடையாது. தானே விழுந்து தானே காலை ஒடித்துக்கொண்ட முட்டாள் என்று காலம் முழுக்கப் பேர். கடைசி அமர்வு ஜூன் கடைசித் திங்கட்கிழமை.

நீ எழுதிக் கொடுத்ததில் என்ன எழுதியிருந்தாய்? அந்த வாக்கியம் யாருடையது?

அண்ணன்

ஏப்ரல் 30

அண்ணனுக்கு வணக்கம். காதை மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, மாத்திரை எடுக்கிறேன்.

அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. அவன் கூப்பிட்டானா என்று கேட்டார்கள். "என் காதில் விழவில்லை" என்று மட்டும்தான் சொன்னேன். அவர்கள் அதை அப்படி எழுதிக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

என்னையே குத்திக்கொண்டிருக்கிறீர்கள். பூட்டைக் கழற்றியது யார்? தளத்துக்குப் பெரியவர் நீங்கள். நான் வேண்டாம் என்று சொன்னால், நீங்கள் போட்டே தீருவேன் என்று போட்டிருக்க வேண்டும். நான் எங்கோ உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவன். நீங்கள் பக்கத்தில் நின்றவர்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

தம்பி

மே 6

தம்பிக்கு,

மாத்திரையை விடாமல் சாப்பிடு. நீ பேச வேண்டிய நாள் வரைக்கும் உன் உடம்பு எனக்கு வேண்டும்.

பூட்டைக் கழற்றியவன் நான்தான். விசாரணையில் முதல் வாக்கியமாக அதைத்தான் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். படித்தவன் சொல்கிறான், கூடப்பிறந்தவன் சொல்கிறான் என்று கழற்றினேன். என் பங்கு அது, என் தலையில் இருக்கிறது. அதை உன் பங்கோடு சேர்த்துக் கட்டி என் தலையில் வைக்காதே. தனித்தனியாகத் தூக்குவோம்.

"காதில் விழவில்லை" என்றாயா? விழாமலா "சரிடா" என்றாய்?

உன் வாக்கியத்தைக் குருவியிடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவான் என்று பார்த்தேன். "நான் கையெழுத்துப் போட்டுடறேன் பெரிய மாமா" என்றான். "எனக்குக் கால் போயிடுச்சு, திரும்ப வராது. சின்ன மாமாவுக்கு வேலையாவது இருக்கட்டுமே. அவருக்கு வேற என்ன தெரியும்?" என்றான். அறைவதற்குக் கையை ஓங்கிவிட்டேன். அறைய இடமில்லை. எங்கே பார்த்தாலும் கட்டு.

உன் அத்தான் இதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றான். உங்கள் பக்கம் போகும் சரக்குக்குத் தானாகப் பேர் கொடுத்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இந்தக் கடிதம் முன்னால் வருமோ, அவன் முன்னால் வருவானோ தெரியாது. கதவைத் தாழ்ப்பாள் போடாதே. போட்டால் கதவும் சேர்ந்து போகும்.

அண்ணன்

மே 15

பெரியவருக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. கேட்காததற்கு மன்னிக்கவும்.

லாரி அண்ணன் வந்தார். காலை உணவு நேரம், கதவு திறந்துதான் இருந்தது. கையில் ஜாக்கிக் கம்பி. இவர் எழுந்து, "அத்தான், வாங்க, உட்காருங்க" என்றார்.

"என் புள்ளையால இனிமே நிக்க முடியாது. நான் வந்து உன் வீட்ல உட்காரணுமா? யார்றா அழுத்துனது?"

"எனக்குத் தெரியாது அத்தான்."

முதல் திரையை உடைத்தார். கண்ணாடி என் தலைமுடியில் எல்லாம் தெறித்தது. பிறகுதான் அதற்குப் பக்கத்தில் இன்னொரு திரை இருப்பதைப் பார்த்தார். "இது எதுக்கு?" என்றார். "ஒரு ஆளுக்கு எதுக்குடா ரெண்டு?" என்று கேட்டுக்கொண்டே அதையும் உடைத்தார். இவர் அதைத் தடுக்கக் கையை நீட்டினார். கம்பி முழங்கைக்குக் கீழே விழுந்தது. பச்சைக் குச்சி முறிகிற மாதிரி இருந்தது. நான் நடுவில் போனேன், எனக்குத் தோளில் ஓர் அடி. கீழே கிடந்தவரை உதைத்து உதைத்து, "சொல்றா, சொல்றா" என்றார். விலா எலும்பு இரண்டு போய்விட்டது. இவர் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே "தெரியாது" என்றார். ஒருவரால் அவ்வளவு அடி வாங்கிக்கொண்டும் அதையே சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அண்ணன் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொடுத்தேன். "தங்கச்சி, உனக்கும் பட்டுடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "என்னை விட்டுடாத, போலீஸ்ல சொல்லிடு" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்றேன், இவர் வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்று எனக்குத் தெரியும்.

அந்த இரண்டாவது திரை வேறொரு தொழிற்சாலையுடையது. போன வருஷத்திலிருந்து இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறார். ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது. இரண்டு சாவி, இரண்டு ரகசியச் சொல், இரண்டிலும் திருடன் நுழைய முடியாது, அது உண்மைதான். தனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இரண்டு திரையையும் ஒரே நிறத்தில், ஒரே இடத்தில் பொத்தான் வைத்து அவரே அமைத்தார். பக்கத்தில் நின்று பார்த்தால் எது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மேசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓடி வந்தேன். அதற்கு மேல் நான் எழுதக் கூடாது, அவர்தான் எழுத வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். லாரி அண்ணனை நீங்கள்தான் அனுப்பினீர்களா?

மே 23

அம்மா, உனக்கு என் ஆசி. தோளுக்கு எண்ணெய் போட்டு நீவாதே, படம் எடுத்துப் பார். எலும்பில் கீறல் இருந்தால் நீவ நீவ அகலும்.

நான் அனுப்பவில்லை. கிளம்பும்போது லாரியின் முன்னால் நின்று தடுக்கவும் இல்லை. உன்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். உன் தோளில் விழுந்த அடிக்கு நான் பொறுப்பு. அவன் மேல் விழுந்ததற்கு இல்லை.

மாப்பிள்ளை லாரியோடு திரும்பி வந்து என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "அடிச்சா உண்மை வரும்னு நெனச்சேன் மச்சான். ரத்தம்தான் வந்துச்சு." சொல்லிவிட்டு அந்தக் கம்பியைக் கிணற்றில் போட்டுவிட்டான். இப்போது டயர் மாற்றக் கம்பி இல்லாமல் அடுத்த லாரிக்காரனிடம் கடன் கேட்கிறான்.

நீ எழுதியதை நான் விசாரணைக்குக் கொண்டுபோக மாட்டேன். அடிபட்ட மனைவி ஆத்திரத்தில் சொல்கிறாள் என்பார்கள், உன்னையும் அவனையும் சேர்த்துச் சந்தியில் நிறுத்துவார்கள். எனக்கு வேண்டியது அவன் வாய்.

இதை மட்டும் அவனிடம் சொல். குருவி பேனாவைக் கேட்டு வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். தினமும் நான் எடுத்துவிடுகிறேன். தினமும் யாரிடமாவது கேட்டு வாங்கிவிடுகிறான். "சின்ன மாமா என்னை ஏமாத்தியிருக்க மாட்டாரு, அவருக்கு ஏதோ ஆயிருக்கும்" என்கிறான். கால் எடுத்த இடத்தில் வலி வந்தால் இல்லாத பாதத்தைச் சொறியச் சொல்கிறான். அவன் அம்மா வெறும் போர்வையைச் சொறிகிறாள். அவனுக்கு அது இதமாக இருக்கிறதாம். இதைத் தம்பியிடம் அப்படியே படித்துக் காட்டு. அவன் எழுந்து வெளியே போனால், கூடவே போய்ப் படி.

குருவியின் பெரிய மாமா

ஜூன் 14

அண்ணா,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். அவள் படித்துக் காட்டினாள். நான் வெளியே போனேன், அவளும் வந்தாள்.

நான்தான் அழுத்தினேன்.

குருவி கூப்பிட்டது கேட்டது. சரிடா, இறங்கு என்று சொன்னதும் நான்தான். உங்கள் தொட்டியை நிறுத்தி வைத்தேன், அது உண்மை. அப்போது அந்த இன்னொரு இடத்தில் கலவையை ஓட்டச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். நிறுத்தத்தை எடுத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய திரை உங்களுடையது. இரண்டையும் ஒரே மாதிரி வைத்தது என் கெட்டிக்காரத்தனம்.

பேசும் பெட்டி வழியாக அவன் குரல் வந்தது. முதலில் அது அந்த இன்னொரு தொழிற்சாலை என்று நினைத்தேன். பிறகு "சின்ன மாமா" என்று கத்தினான். அங்கே எனக்கு மருமகன் இல்லை.

நிறுத்தியிருக்கலாம் அண்ணா. சிவப்பு அதே திரையில்தான் இருந்தது. என் கை அதற்குப் போகவில்லை. சத்தத்தைத்தான் முதலில் அணைத்தேன். பிறகு முறைப்படி வெளியேறினேன். சாவியை உருவிப் பையில் போட்டேன். யாரும் எதுவும் பார்த்துவிடக் கூடாது என்று திரையைப் பூட்டினேன். அலகு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவருகே நின்றிருந்தாள். "என்ன சத்தம்?" என்றாள். "ஒன்றுமில்லை" என்றேன்.

அத்தான் அடித்தபோது வலித்தது. ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கழிகிறது என்று நினைத்தேன். ஒன்றும் கழியவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள், செய்கிறேன்.

தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வாசலில் நின்று படித்தேன். சிவப்பைப் பற்றி எழுதிய இடத்துக்கு வந்தபோது கையில் எதுவும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. பக்கத்தில் சுவர்தான் இருந்தது. விரல் முட்டி வீங்கியிருக்கிறது. விலா எலும்பு ஆற நாளாகும், இருமல் வந்தால் தலையணையை அணைத்துக்கொண்டு இருமு.

கேட்டாய், சொல்கிறேன்.

நீ ஜூன் கடைசித் திங்கட்கிழமைக்கு முன்னால் இங்கே வர வேண்டும். திரையில் வராதே, குரலாக வராதே, உடம்போடு வா. எனக்கு எழுதியதையே விசாரிக்கிறவர் முன்னால் நின்று சொல். "காதில் விழவில்லை" என்று சொன்னது பொய் என்று முதலில் சொல், பச்சையைப் பிறகு சொல், சிவப்பை விடாமல் சொல். சிவப்பை விட்டுவிட்டால் நான் எழுந்து சொல்வேன். அந்த இன்னொரு தொழிற்சாலைக்கும் நீயே எழுதித் தெரிவி. அங்கேயும் யாராவது ஒருவன் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருப்பான்.

உன் மனைவி இரண்டு சாவியையும் உன் பையிலிருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே வந்து மேலாளர் கையில் அவளே கொடுக்கட்டும். நீ கேட்டாலும் உனக்குத் தரக் கூடாது.

மாப்பிள்ளை உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய், கையை உடைத்தது தான்தான் என்று சொல்ல வேண்டும். மாட்டேன் என்றான். போகாவிட்டால் என் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லியிருக்கிறேன். போவான். உன் மனைவியின் தோளைப் பற்றியும் அங்கே சொல்வான்.

மேலாளர் கணினிக்குத் தனி மின்இணைப்பு இழுக்க வேண்டும். மெயினில் பூட்டுத் தொங்கும்போது உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவனும் அலகைச் சுழற்ற முடியாதபடி செய்ய வேண்டும். அதுவரை தொட்டி ஓடாது. தளத்துப் பையன்கள் ஓட்ட மாட்டோம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலாளரை மிதித்த மூன்று பேரும் அவரிடம் போய் முகத்தைக் காட்ட வேண்டும்.

நான் காவலாளியின் வீட்டுக்குப் போய் அவன் மூக்கைப் பார்க்க வேண்டும். பூட்டுக்கும் பெட்டிக்கும் என்ன தண்டனையோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.

உன் அக்கா உன்னைப் பார்ப்பதும் பார்க்காததும் அவள் இஷ்டம். நீ ஆஸ்பத்திரி வாசலில் நில். அவள் கூப்பிட்டால் உள்ளே போ. கூப்பிடாவிட்டால் அன்று திரும்பிப் போய் மறுநாள் வந்து நில். அழுதுகொண்டு நிற்காதே, அவளுக்கு ஆகாது.

குருவிக்கு நான் எந்த வேலையும் வைக்கவில்லை. அவனிடம் கையெழுத்துக் கேட்கக் கூடாது, சாட்சி கேட்கக் கூடாது, நீ உட்பட யாரும் அவனிடம் மன்னிப்பும் கேட்கக் கூடாது. கேட்டால் உடனே கொடுத்துவிடுவான்.

அண்ணன்